உள்ளே சென்றவர்: மிக்கேல்

மிக்கேல் இறந்துபோன செய்தி வந்தபோது நான் துறைமுகச் சாலையில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றேன். முன்னால் ஒரு நாற்பதடிப் பெட்டி, பின்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று. பைக்கைத் திருப்ப வழியில்லை. காலையில் நெஞ்சுவலி என்றாராம், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று சூப்பர்வைசர் போனில் சொன்னார். அரை மணி நேரத்தில் போகக்கூடிய திரேஸ்புரத்துக்கு, அவர் வீட்டுக்கு, நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. அதுவரை லாரிப் புகையைக் குடித்துக்கொண்டு, வாய்விட்டு அழவும் முடியாமல் நின்றிருந்தேன்.

எங்கள் கன்டெய்னர் யார்டில் அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஏற்றுமதிச் சரக்கை அடைக்கும் முன் காலிப் பெட்டியைச் சோதிப்பது எங்கள் இருவர் வேலை. பொய்ச்சுவர் வைத்து எதையாவது ஒளித்திருக்கிறார்களா என்று உள்நீளத்தை டேப்பால் அளக்க வேண்டும், சுவர்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். கடைசியில் ஒருவர் உள்ளே நிற்க, மற்றவர் வெளியிலிருந்து கதவை இறுக அடைப்பார். கும்மிருட்டில் எங்காவது ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. படிவத்தில் ‘உள்ளே சென்றவர்’, ‘வெளியே நின்றவர்’ என்று இரண்டு கட்டங்கள் உண்டு.

எனக்கு அடைபட்ட இடம் ஆகாது. முதல் வாரமே கதவு மூடியதும் நான் கத்திய கத்தலில் மிக்கேல் பதறித் திறந்தார். சட்டை முழுக்க வியர்வையோடு வெளியே வந்தேன். அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாளிலிருந்து பதினோரு வருடமும் உள்ளே போனவர் அவர்தான். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அவர் உள்ளேயிருந்து மூன்று தட்டு தட்டுவார், நான் வெளியிலிருந்து மூன்று தட்டு திருப்பித் தட்ட வேண்டும். நான் போன் பேசிக்கொண்டு பதில் தட்ட மறந்தால் மட்டும் வெளியே வந்து கோபப்படுவார். சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கோபமா என்று நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.

பெட்டிகள் கடலில் எங்கே போகின்றன என்று காட்டும் பெரிய திரையை ஆபீசில் மாட்டியபோது, எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தோம். மேனேஜருக்குப் பெருமை தாங்கவில்லை. மிக்கேல் மட்டும், “பெட்டி எங்கன போகுதுன்னு காட்டுது சார். பெட்டிக்குள்ள என்ன போகுதுன்னு காட்டுமா?” என்று கேட்டார். மேனேஜர் முகம் சுண்டிப்போனது.

மகள் மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்காக அவர் ஒருநாள் லீவு போட்டிருந்தார். அன்று விளாத்திகுளத்திலிருந்து மருந்துக்கு ஏற்றுமதியாகும் நிலாவாரை இலை மூட்டைகள் வந்து நின்றன. ஈரம் பட்டால் மொத்தமும் பாழ். உதவிக்கு வேறொருவரைக் கூப்பிட்டால் உள்ளே போகும் முறை எனக்கு வந்துவிடும். நான் யாரையும் கூப்பிடவில்லை. யாரும் உள்ளே போகாமலேயே என் பெயரை ‘உள்ளே சென்றவர்’ கட்டத்தில் எழுதினேன். வெளியே நின்றதாக ஒரு டிரைவரிடம் கையெழுத்து வாங்கினேன். சரக்கை அடைத்து, சீலும் போட்டாயிற்று.

மறுநாள் படிவத்தைப் பார்த்ததும் மிக்கேலுக்கு விளங்கிவிட்டது. “உள்ள போனீரா வே?” என்றார். நான் தரையைப் பார்த்தேன். பெட்டி துறைமுகத்துக்குக் கிளம்பத் தயாராக நின்றது. சொன்னால் என் வேலை போகும், சாத்தான்குளத்தில் அப்பாவின் பலசரக்குக் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். சொல்லாவிட்டால் கப்பல் போய்ச் சேரும்வரை எனக்குத் தூக்கம் கிடையாது. அந்தப் பக்கமும் போக முடியவில்லை, இந்தப் பக்கமும் போக முடியவில்லை. விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் அசையவில்லை.

“பயந்தா பயந்தேம்னு எழுதும். பாக்காததைப் பாத்தேம்னு எழுதக் கூடாது வே.”

மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். சீலை வெட்டி, மூட்டைகளை இறக்கி, மிக்கேல் உள்ளே போய் நின்றார். ஓர் ஓட்டைகூட இல்லை. எனக்கு ஒரு மாதம் சஸ்பென்ஷன். அநியாயமாக மாட்டிவிட்டீரே என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். “ஓட்டை இல்லைன்னு இப்பத்தானே வே தெரியும்,” என்றார். திரும்பி வந்த பிறகும் வெகுநாள் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அந்த நாட்களிலும் தினமும் அவர்தான் உள்ளே போனார். இன்று அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே வெறுப்பு வருகிறது.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது அவர் மனைவி பிலோமி என்னைக் கூப்பிட்டார். வீட்டில் குளியலறைக் கதவைக்கூட அவர் தாழ்ப்பாள் போட்டதில்லையாம். சின்ன வயதில் மீன்பிடிப் படகின் ஐஸ் அறைக்குள் மாட்டிக்கொண்டதிலிருந்து அப்படித்தானாம்.

“கதவ அடைச்சா அவியளுக்கு மூச்சு முட்டும் அண்ணாச்சி. அந்தப் பெட்டிக்குள்ள போற வேலையெல்லாம் நீங்கதான் பாத்துக்கிடுதியன்னு சொல்லுவாவ. அதான் நானும் கவலையில்லாம இருந்தேன்.”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

மறுநாள் காலை வந்த முதல் பெட்டிக்குள் நான் போனேன். கதவு மூடியது. காது அடைத்தது, சுவரைப் பிடித்துக்கொண்டேன். மூன்று தட்டு தட்டினேன். வெளியே நின்றவர் புதியவர், இந்த வழக்கம் அவருக்குத் தெரியாது. பதில் வரவில்லை. பதில் தட்டாமல் நான் போன் பேசிக்கொண்டிருந்த அத்தனை நாட்களும் அந்த இருட்டில் வரிசையாக வந்து நின்றன. கூரையையும் நான்கு மூலைகளையும் மெதுவாகப் பார்த்து முடித்துவிட்டுத்தான் கதவைத் திறக்கச் சொன்னேன்.

மிக்கேலிடமிருந்து எனக்குக் கிடைத்தது படிவத்தின் ‘உள்ளே சென்றவர்’ கட்டம்தான். அதில் என் பெயரை எழுதினேன். கீழே குறிப்புக்கான இடத்தில் இரண்டு வரி சேர்த்தேன். பயந்தேன். பார்த்தேன்.