பிடித்துவைக்காத அலாரம்

இரண்டாயிரத்துகளின் நடுவில் காரைக்காலில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடையில் ஜாவா மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். மீன் வியாபாரி ஒருவரின் குளிர் அறைக்கு நாங்கள் ஒரு புரோகிராம் செய்து கொடுத்தோம். அறையில் சூடு ஏறினால் கம்ப்யூட்டர் அலாரம் அடிக்க வேண்டும்.

அலாரத்தை எழுதியது நான். அதைக் கூப்பிடும் பகுதியை எழுதியவர் முதலாளி. மெமரி மிச்சமாகும் என்று எங்கோ படித்துவிட்டு, என் அலாரத்தை வீக் ரெஃபரன்ஸில் வைத்திருந்தார். வீக் ரெஃபரன்ஸுக்கு ஒரு பொருள் மெமரியில் எங்கே இருக்கிறது என்று தெரியும், ஆனால் அதைப் பிடித்துவைக்காது. வேறு எதுவும் ஸ்ட்ராங்காகப் பிடித்திருக்காத பொருளை ஜாவா குப்பையோடு பெருக்கித் தள்ளிவிடும்.

"சார், இதை வேற எதுவும் பிடிச்சிருக்கலை. ரொம்ப நேரம் ஓடுனா அலாரம் போயிடும்ங்க," என்றேன்.

"இங்க நல்லாத்தானே அடிக்குது," என்றார்.

கடையில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தால் அடிக்காமல் என்ன செய்யும்? குளிர் அறையில் அது நாள் முழுக்க ஓடியது. ஒரு மதியம் குளிரூட்டும் மெஷின் நின்றுபோனது. அலாரம் மூச்சுவிடவில்லை. இறால் அத்தனையும் நாறியது. வியாபாரி கத்திக்கொண்டு கடைக்கு வந்தபோது முதலாளி என்னைக் கைகாட்டினார்.

"அலாரம் இவன் எழுதுனதுங்க."

அன்றைக்கே அலாரத்தை ஸ்ட்ராங்காகப் பிடித்துவைக்க ஒரே ஒரு வரி சேர்த்தேன். அதற்குப் பிறகு அது தவறவே இல்லை. அது தவறாததால் கடையில் எனக்கு வேலையும் இல்லாமல் போனது.

"உன் நம்பர்தான் என்கிட்ட இருக்குல்ல, வேணும்னா கூப்பிடுறேன்," என்று சொல்லி முதலாளி என்னை அனுப்பிவைத்தார்.