ஒரே ஃபேனுக்கு நான்கு விலை

நான் கணக்கு டீச்சர். பத்து ரூபாய்க்கு வாங்கிய பொருளைப் பன்னிரண்டுக்கு விற்றால் லாப சதவீதம் என்ன என்று இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளைப் படுத்தி வருகிறேன். கடைத்தெருவில் என்னை ஏமாற்ற ஆள் பிறக்கவில்லை என்ற திமிரும் கொஞ்சம் உண்டு. காய்க்கடை அம்மா என்னைக் கண்டால், "வந்துட்டாக" என்று பக்கத்துக் கடைக்குச் சொல்லிவிட்டுத்தான் தராசை எடுப்பார். அந்தத் திமிர் ஒரு நாள் என் அண்ணன் மேல் பாய்ந்தது.

அப்போது ஆலங்குடியில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். கணவர் குவைத்தில். கொத்தனாரிடமும் டைல்ஸ்காரரிடமும் நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். வயரிங் வேலை முழுக்க அண்ணனுடையது. குளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். அப்பா அம்மா போனபிறகு பிறந்த வீடு என்றால் எனக்கு அவர்தான். எலக்ட்ரீஷியன். தினமும் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டை வழியாக வந்துவிடுவார். கூலி பற்றி வாயெடுத்தால், "போத்தா அங்கிட்டு" என்பார். மதியம் நான் கொண்டுபோகும் சோற்றை ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, உப்பு கம்மி என்று ஒரு குறையும் சொல்லிவிட்டு மறுபடி ஏணியில் ஏறுவார்.

வழியில்தான் கடை என்பதால் சாமான் வாங்கும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. புதுக்கோட்டையில் அப்போதுதான் ஒரு பெரிய கடை திறந்திருந்தார்கள். கீழே பைப், குழாய், ஒயர், பெயிண்ட். மாடியில் டிவி, ஃப்ரிட்ஜ், ஃபேன். உள்ளே நுழைந்தால் ஏசி. எல்லாப் பொருளிலும் கம்ப்யூட்டர் அடித்த ஸ்டிக்கர். பேரம் என்ற பேச்சே கிடையாது. வைகாசியில் அண்ணன் அங்கே ஆறு ஃபேன் வாங்கி வந்தார். ஒன்று இரண்டாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு. பில்லை என் கையில் கொடுத்தார், நானும் ஃபைலில் வைத்தேன்.

ஆடி மாதம் பாத்ரூமுக்கு ஹீட்டர் பார்க்க அதே கடைக்கு நானே போனேன். மாடியில் அதே ஃபேன் தொங்கியது. அதே கம்பெனி, அதே காப்பிக் கலர். ஸ்டிக்கரில் இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது. ஐந்நூற்றைம்பது ரூபாய் வித்தியாசம். ஆறு ஃபேனுக்கு மூவாயிரத்து முந்நூறு என்று மனது தானாகப் பெருக்கிவிட்டது, கணக்கு டீச்சர் பழக்கம். போனில் படம் பிடித்துக்கொண்டேன். அடுத்த வாரம் ஆசிரியர் பயிற்சிக்காகத் திருச்சி போனபோது அந்தக் கடையின் கிளைக்கும் போய்ப் பார்த்தேன். அங்கே இரண்டாயிரத்து அறுநூற்றுப் பத்து. ஒரே கடை, ஒரே ஃபேன், மூன்று விலை. வகுப்பில் இப்படி ஒரு கணக்கு வந்தால் கேள்வியே தவறு என்று முழு மதிப்பெண் போட்டுவிடுவோம்.

அன்று ராத்திரி கணவரிடம் போனில் புலம்பினேன். அவர் அண்ணனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "வயரிங் பண்றவங்களுக்குக் கடையில கமிஷன் உண்டு, ஊருக்கே தெரிஞ்சதுதானே" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் தூக்கம் போனது.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று எங்கள் பள்ளிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் ஆசிரியர் அறைக்குப் போகிறேன். மறுநாளும் அதைத் தாண்டித்தான் போனேன். சாயங்காலம் நேராகப் புது வீட்டுக்குப் போய், ஏணி மேல் நின்ற அண்ணனிடம் கேட்டேன். கொத்தனாரும் டைல்ஸ்காரரும் பக்கத்தில்தான் இருந்தார்கள்.

"அண்ணே, ஃபேன் என்ன வெலைன்னு சொன்னீங்க?"

"எண்ணூத்தித் தொண்ணூறு. ரெண்டாயிரத்து எண்ணூத்தித் தொண்ணூறு. பில்லு குடுத்தனேத்தா."

போனை நீட்டினேன். "இதே கடை, இதே ஃபேன். முன்னூத்தி நாப்பதுன்னு போட்டிருக்கான் பாருங்க."

குனிந்து பார்த்தார். "நான் வாங்கயில அதான் வெல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "வயரிங்காரங்களுக்குக் கடையில ஏதோ தனியாக் குடுப்பாங்களாமே?" என்றேன்.

என்னைத் தூக்கி வளர்த்தவரை வயரிங்காரர் என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் கணக்கு என் பக்கம் இருக்கிறது என்ற முறுக்கில் நின்றுகொண்டிருந்தேன். கொத்தனார் கரண்டியைக் கழுவப் போய்விட்டார். அண்ணன் ஏணியில் திரும்பி, விட்ட இடத்திலிருந்து ஒயரை இழுத்தார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் வேலை இருந்தது. ஒன்பது நாளும் நேரத்துக்கு வந்தார். ஒரு ஸ்விட்ச் கோணலாக இல்லை. ஆனால் மதியம் தன் வீட்டிலிருந்தே சோறு கட்டிக்கொண்டு வந்தார். நான் தூக்குவாளியோடு போனால், "மதினி கட்டிக் குடுத்துட்டாத்தா" என்பார், முகம் பார்க்காமல். வேலை முடிந்ததும் மெயினைப் போட்டுக் காட்டிவிட்டு, "வாரேன்" என்று கிளம்பிவிட்டார்.

நான் குற்றவாளியாக நிற்பதைவிட நியாயவாதியாக நிற்கவே விரும்புகிறவள். ஆவணி பிறந்ததும் பில்லை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன், கையும் களவுமாகப் பிடிப்பதற்கு. முதலில் மாடிக்குப் போய் ஃபேனைப் பார்த்தேன். இரண்டாயிரத்து எழுநூற்று இருபது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அங்கே நின்ற விற்பனையாளரிடம் என்ன இது என்று கேட்டேன். நாற்பது வயது இருக்கும், பொறுமையான மனிதர்.

"நீங்க ஆடியில பாத்திருப்பீங்க மேடம், அது ஆஃபர். வைகாசியில வெயிலு, கல்யாண சீசன், அப்ப வெல எறங்காது. இது புதுச் சரக்கு."

"திருச்சியில வேற வெல இருக்கே?"

"அங்க எதுத்தாப்லயே இன்னொரு பெரிய கடை இருக்குல்ல மேடம். கொறச்சாத்தான் ஓடும். காலையில கம்ப்யூட்டர்ல என்ன வருதோ அதத்தான் நாங்க ஒட்டுறோம். எங்களுக்கே அன்னிக்கித்தான் தெரியும்."

"வயரிங் பண்றவங்களுக்குக் கமிஷன்?"

"உண்டு மேடம். தனிக் கார்டு குடுத்திருக்கோம், அதுல பாயிண்ட் ஏறும்." என் பில்லை வாங்கி அதிலிருந்த அண்ணன் பெயரையும் நம்பரையும் தட்டிப் பார்த்தார். "இவருக்கும் கார்டு இருக்கு. ஆனா இந்த பில்லு அதுல ஏறல. ஏத்த வேண்டாம்னு வேற நம்பர் குடுத்திருக்காரு." நம்பரை வாசித்தார். என் நம்பர். "ஒங்களோடதா மேடம்? மெசேஜ் வந்திருக்குமே."

வந்திருந்தது. லோன் வேண்டுமா, வேலை வேண்டுமா என்று வரும் குப்பைகளுக்கு நடுவில், திறக்காமலே கிடந்தது. ஒயர் வாங்கிய அன்று ஒன்று, ஸ்விட்ச் வாங்கிய அன்று ஒன்று, ஃபேன் வாங்கிய அன்று ஒன்று. "ஒரு அயர்ன் பாக்ஸ் வாங்குற அளவுக்குப் பாயிண்ட் இருக்கு மேடம், எடுத்துக்கிறீங்களா?" என்றார் அவர். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கினேன். கீழே பெயிண்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இன்றுவரை யோசிக்கிறேன். காலையில் ஒரு விலைக்கு விற்ற தக்காளி சாயங்காலம் பாதி விலைக்குப் போகிறது. காலையில் வாங்கி வந்தவரை யாரும் திருடன் என்று சொல்வதில்லை. சந்தையில் விலை ஏறி இறங்கும் என்பது நமக்குத் தெரியும். இந்தக் கடையில் மட்டும் ஏன் தெரியாமல் போனது? ஏசியும் ஸ்டிக்கரும் கம்ப்யூட்டர் பில்லும் பொய் சொல்லாது என்று நான் முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். அதைக் கழித்தபிறகு பொய் சொல்லக்கூடியவராக மிச்சம் நின்றது அண்ணன் ஒருவர்தான். வழி சுத்தமாக இருந்தும் விடை தப்பாகப் போகும் கணக்குகள் உண்டு. எடுத்துக்கொண்டதே தப்பாக இருந்தால் அப்படித்தான் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே குளத்தூருக்கு பஸ் ஏறினேன். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன். "அண்ணே, நான் ஒங்களத் தப்பா நெனச்சுட்டேன். மன்னிச்சிருங்க."

"விடுத்தா. கடக்காரன் அடிக்கிற கூத்துக்கு நீ என்ன பண்ணுவ" என்றார். மதினி கோழி அடித்தார். அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்ற சந்தோஷத்தில், கிளம்பும்போது, "கேட்டுக்கு ரெண்டு லைட் வாங்கணும்ணே, வரும்போது வாங்கிட்டு வாங்க" என்றேன்.

"நீயே பாத்து வாங்கி வையித்தா. நான் வந்து மாட்டிக் குடுக்குறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இரண்டு வருஷம் ஆகிறது. கிரகப்பிரவேசத்துக்குக் குறையில்லாமல் சீர் கொண்டுவந்தார். பியூஸ் போனால் அன்றைக்கே வருகிறார். சாமான் மட்டும் நான்தான் வாங்குகிறேன். போன மாதம் சமையலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கினேன், சைஸ் பெரிது. விலையும் அதிகம் என்பது பிறகுதான் தெரிந்தது. பழைய அண்ணனாக இருந்தால், 'எவன் தலையில கட்டுனான் இத? கணக்கு டீச்சராம்!' என்று தெருவுக்கே கேட்கும்படி திட்டியிருப்பார். இந்த அண்ணன் டப்பாவைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. உளியை எடுத்து ஓட்டையைப் பெரிதாக்கி, மாட்டி, சுவிட்சைப் போட்டார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "என்ன வெலைன்னு கேக்கலையேண்ணே?"

கையைத் துடைத்துக்கொண்டே, "நல்லா சுத்துதுல்லத்தா" என்றார்.

அவர் என்னை ஒரு தடவை திட்டிவிட்டால் போதும் எனக்கு. சாப்பிட உட்கார்ந்தவர் தோசைக்குச் சட்னி கேட்டார். எடுத்து வைத்தேன்.