மாக்கற் விழுந்த நாள்

விடுதி அறைத்தோழி நேற்றுக் காலை கைப்பேசியில் செய்தி வாசித்தாள்: எங்கோ ஒரு நாட்டில் சந்தை விழுந்துவிட்டதாம். எனக்கு உடனே அவித்த நண்டின் மணம் மூக்கில் ஏறியது. இலக்கியம் படிப்பவளுக்குப் பொருளியல் இப்படித்தான் விளங்குகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது அம்மாவின் கைமணம். பேசாலைக் கடற்கரையில் ஒரு தகரக் கொட்டிலில், அவித்த நண்டை உடைத்துச் சதை எடுப்பது அவருடைய வேலை. எங்கள் அடுப்பு எரிந்ததும் அதனால்தான். அந்தச் சதை அமெரிக்காவுக்குப் போகும். காலுடைந்த நண்டுகள் மட்டுமே எங்கள் சட்டிக்கு வரும். நல்ல நண்டை வீட்டில் சமைப்பது ஊதாரித்தனம் என்பது ஊரின் எழுதாத சட்டம்.

ஆறாம் ஆண்டில் படித்த காலம். ஒருநாள் பள்ளி விட்டு அந்தக் கொட்டிலுக்குப் போனபோது மனேச்சர் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்:

"அங்கால மாக்கற் விழுந்திட்டுது. நாளைக்கு வேலையில்லை."

மாக்கற் என்றால் எனக்கு மன்னார்ப் பட்டினத்துக் காய்கறிச் சந்தைக் கட்டடம். "ஐயோ, ஆருக்கும் காயமோ?" என்று கேட்டுவிட்டேன். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"ஓம் பிள்ளை, எங்களுக்குத்தான்."

"அங்க சனம் கடையில சாப்பிடுறதைக் குறைச்சிட்டுதாம், அக்கா. நான் என்ன செய்ய? அரைச் சம்பளமெண்டா ரெண்டு பேரை வைச்சிருக்கலாம். ஆர் நிக்கிறியள்?"

ஒருவரும் கை உயர்த்தவில்லை. அம்மா தலையில் போட்டிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மாக்கற் விழட்டும் தம்பி. கடல் விழேல்லைத்தானே? இந்தாங்கோ, தொப்பியையும் அங்கால அனுப்பிவிடுங்கோ."

மேசையில் தொப்பிகள் குவிந்தன. வாங்க ஆளின்றி நண்டு கரையில் கிடந்தது. அன்று மாலை அம்மா நல்ல நண்டாகப் பார்த்துக் குழம்பு வைத்தார். உடையாத முழு நண்டை அன்றுதான் முதன்முதலாகச் சுவைத்தேன். மறுநாள் அந்தப் பெண்கள் கூடைகளோடு பேருந்தேறி, மன்னார் மாக்கற்றிலேயே வரிசையாக உட்கார்ந்து கூவி விற்றார்கள். கூரை விழவில்லை என்பதை நானும் அண்ணாந்து பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

அம்மா இன்றும் அங்கேதான் விற்கிறார். நேற்றைய செய்தியைத் தொலைபேசியில் சொன்னேன்.

"திரும்பவும் விழுந்திட்டுதோ? அதுக்கு வேற வேலையில்லை. நீ ஞாயிறு வா, நண்டு வைக்கிறன்."

கொட்டில் இருந்த இடத்தில் இன்று மணல்தான் இருக்கிறது. மனேச்சர் எங்கே போனாரோ தெரியாது. நல்ல நண்டைத் தொடக் கூசவைத்த அந்தச் சட்டமும் அவரோடு போய்விட்டது. அதற்காக மட்டும் நான் ஒருபோதும் ஏங்கப்போவதில்லை.