பட்டினிச் சீமாட்டிக்கு ஒரு பிடி சோறு

எழுத்தில் வரும் விசாரணைகளுக்கு இருபது வேலைநாட்களுக்குள் பதில் தரப்படும். ஸ்கொட்லாந்தில் ஓர் இடிந்த கோட்டையைப் பராமரிக்கும் அலுவலகம் தன் இணையதளத்தில் இப்படி எழுதிவைத்திருக்கிறது. யாழ்ப்பாணக் கச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்திலும் பிறகு சிட்னியில் ஒரு நகரசபையிலும் கோவைகளோடு வாழ்ந்து ஓய்வுபெற்றவன் நான். இந்த வகை வாக்கியங்களை நானே எழுதியிருப்பதால் அதை நம்பவில்லை. நம்பாமலே விண்ணப்பித்தேன்.

போன வருடம் நானும் மனைவியும் ஒரு பஸ் சுற்றுலாவில் அந்தக் கோட்டைக்குப் போயிருந்தோம். கடலோரப் பாறைமேல் கூரையில்லாத ஒரு கோபுரம், பாதி மதில், நுழைவுச்சீட்டு விற்க ஒரு புதுக் கட்டடம். வழிகாட்டி கதை சொன்னார். முற்றுகையின்போது வெளியே பசியில் கிடந்த எதிரிச் சிப்பாய்களுக்குப் பிரபுவின் மனைவி மேல்மாடி யன்னலால் ரொட்டி எறிந்தாளாம். பிரபு அவளை அதே அறையில் பூட்டி, சாப்பாடு கொடுக்காமல் சாகவிட்டானாம். மழை நாட்களில் அவள் அந்த யன்னலில் வந்து நிற்பாளாம். இங்கே மழையில்லாத நாள் உண்டா என்று கேட்டேன். வழிகாட்டி சிரிக்கவில்லை.

மற்றவர்கள் படம் எடுத்தார்கள். என் மனைவி யன்னலைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்போது சிட்னியின் மெரிலேண்ட்ஸில் எங்கள் மகள் மூன்றாம் முறையாகக் கர்ப்பமாக இருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. இந்தப் பிள்ளை தங்கினால், அதன் வாயில் முதற்சோறு தீத்துவதற்கு முன் உனக்கு இங்கே ஒரு பிடி சோறு படைப்பேன் என்று அந்தச் சீமாட்டிக்கு நேர்ந்துவிட்டாள். என்னிடம் சொன்னது திரும்பி வரும் விமானத்தில்.

பிள்ளை தங்கியது. பேத்தி. ஆறாம் மாதமும் வந்தது. அதற்குள் மனைவியின் முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருந்ததால் இன்னொரு பயணத்துக்கு வழியில்லை. நேர்த்தியை விடவும் அவள் ஆயத்தமில்லை.

"அம்மா, சிக்ஸ் மந்த்ஸில சொலிட்ஸ் தொடங்கச் சொல்லி நர்ஸ் சொல்லீட்டா," என்றாள் மகள்.

"பூசணிக்காய் குடு, வாழைப்பழம் குடு. சோறு மட்டும் வேண்டாம்."

"அந்தப் படையலை இஞ்சையே ஒரு பிளேட்டில வைக்கேலாதே?"

"அவளைப் பூட்டிவைச்சது மெரிலேண்ட்ஸிலையோ?"

நான் ஆதாரங்களின் வழியே அணுகிப் பார்த்தேன். பரமட்டா நூலகத்தில் சொல்லி அந்தக் கோட்டையின் வரலாற்றை வரவழைத்து வாசித்தேன். கோட்டையைக் கட்டி முடித்த பிறகே அரசனிடம் அனுமதி வாங்கியிருக்கிறார்கள். நகரசபையில் இப்படிக் கட்டியபின் வரும் விண்ணப்பங்களுக்கென்றே தனி அலுமாரி வைத்திருந்தோம். மதிலை இடித்தது பீரங்கி. கூரையைக் கழற்றியது பிற்காலத்து உரிமையாளர், கூரைக்கு வரி கட்ட மனமில்லாமல். இதை மட்டும் மறுபேச்சில்லாமல் நம்பினேன். சீமாட்டியோ கணவன் போன பிறகு மறுமணம் செய்து, ஒரு மாவரைக்கும் ஆலைக்காக வழக்காடி, கிழவியாகித்தான் இறந்திருக்கிறாள். பட்டினிக் கதை நெடுங்காலம் கழித்தே எழுத்தில் வருகிறது.

இதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

"உதை எழுதி வைச்சது ஆர்?"

"பிரபு குடும்பத்து எழுத்தர்மார்."

"பூட்டினவன்ரை ஆக்கள். நீங்கள் கச்சேரியில எழுதினதெல்லாம் உண்மையோ?"

வரலாறு அத்துடன் மூடப்பட்டது.

ஆகவே விண்ணப்பம். ஊழியர் ஒருவர் ஒரு பிடி வெறுஞ்சோற்றை அந்த யன்னல் விளிம்பில் சற்று நேரம் வைத்து எடுத்தால் போதும். தீ இல்லை, கற்பூரம் இல்லை, எண்ணெய் இல்லை, கல்லில் கறை படாது என்று எழுதினேன். கெடு முடிந்தது. நினைவூட்டினேன். எங்கள் கருத்து அவர்களுக்கு முக்கியம் என்று ஓர் இயந்திரம் பதில் அனுப்பியது. பேத்தி எங்கள் தட்டுகளைப் பார்த்துக் கை நீட்டத் தொடங்கினாள். மருமகன் மதுரைக்காரர், மூன்று வேளையும் சோறு கேட்பவர். "மாமா, குழந்தை பாத்து ஏங்குது. நான் கார்ல உக்காந்து சாப்பிட்டுட்டு வர்றேன்," என்று தட்டோடு வெளியே போவார்.

உண்மையான பதில் மன்னிப்புடன் தொடங்கியது. ஊழியர் ஒருவர் வீட்டிலிருந்து சோறு அவித்துக் கொண்டுவந்து யன்னல் விளிம்பில் வைத்திருக்கிறார். எங்களுக்கு அனுப்பப் படம் எடுக்கலாமென்று கைத்தொலைபேசியைத் தேடுவதற்குள், கோபுரத்துக் காகங்கள் இறங்கி முழுவதையும் தின்றுவிட்டன. உங்கள் நோக்கம் நிறைவேறாமற் போனதற்கு வருந்துகிறோம். பறவைகளுக்கு உணவிடுவது விதிகளுக்கு முரண் என்பதால் இதை மீண்டும் செய்ய இயலாது.

"காகமோ?" என்றாள் மனைவி.

"காகம்."

"முழுக்கவோ?"

"ஓம். மன்னிப்புக் கேட்டிருக்கினம்."

"என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மகளுக்குப் போன் எடுத்து, அரிசியை நல்லாய்க் குழைய விடச் சொன்னாள்.

அன்று ஐப்பசி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, சோறு தீத்த நல்ல நாள்.