லென்ஸில் தூரமாகத் தெரிந்த அலை

என் கணவர் உடன்குடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாண ஆர்டர்களுக்கு வைடு ஆங்கிள் ஜூம் லென்ஸ் ஒன்று வாங்க நினைத்து, நண்பர்களிடம் இரண்டை இரவல் கேட்டு வாங்கினார். எது நல்லது என்று பார்க்க இருவரும் பெரியதாழைக் கடற்கரைக்குப் போனோம்.

கடலுக்குள் நீளும் கல் தடுப்பில் நின்று ஒரே காட்சியை இரண்டிலும் எடுத்தார். முதல் லென்ஸில் ஓரங்கள் மங்கலாக விழுந்தன. இரண்டாவதில் ஓரத்துப் படகின் பெயர்கூடத் துல்லியமாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கீழ்க்கல்லுக்கு இறங்கினார்.

பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த மீனவர், "அண்ணாச்சி, அலை பெருசா வருது, மேல ஏறுங்க" என்றார்.

"தூரத்துலதான வருது" என்றார் இவர்.

வைடு லென்ஸ் அருகில் இருப்பதையும் தள்ளிக் காட்டும். அது அவருக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் மறந்துவிட்டார். அலை அவரைக் கல்லில் அடித்தது. மீனவர் இழுத்துக் கரை சேர்த்தபோது, கேமரா குத்தி வலக்கண்ணில் ரத்தம் வழிந்தது. ஆபரேஷன் செய்தும் அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை.

இப்போது இடக்கண்ணால் படம் எடுக்கிறார். எங்கே போனாலும் நான் அவர் சட்டையைப் பிடித்தபடி சுற்றிலும் பார்த்துக்கொள்கிறேன். "நில்லுங்க" என்றால், ஏன் என்று கேட்காமல் நின்றுவிடுகிறார்.