கை தூக்கியவருக்கு முதல் தட்டு

ஐஸ் பாரை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பௌசியா போனில் கூப்பிட்டாள். "அண்ணே, மேடம் போயிட்டாங்க" என்றாள். எந்த மேடம் என்று நான் கேட்கவில்லை. வண்டியை அனுப்பிவிட்டு மதுரைக்குக் கிளம்பினேன். கம்பெனியை மூடவில்லை. தனக்காக ஒரு வேலை நின்றது என்று தெரிந்தால் அவருக்குப் பிடிக்காது.

திலகவதி மேடத்திடம் நீந்தக் கற்று, இன்று அவர் நினைவுக்காக இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. என்னைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சைக்கிளில் ஐஸ் கொண்டுபோய் விற்றுத் தொடங்கி, இன்று மண்டபத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மார்கழியும் அவர் தன் கல்லூரி நீச்சல் அணியைப் பயிற்சிக்கு அழைத்து வருவார். தங்கும் இடம், சாப்பாடு, கூடப் போகும் வள்ளம் எல்லாம் என் பொறுப்பு. முதல் வருஷம் வியாபாரம் என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

"மதுரையிலயே நல்ல குளம் இருக்கே மேடம், இந்த வாடைக்காத்துல இங்கன எதுக்கு வாரீக?" என்று கேட்டேன்.

"குளத்துல களைச்சுப் போனா பிடிச்சுக்கச் சுவர் இருக்குண்ணே. கடல்ல போட்டின்னு வந்தா சுவருக்கு எங்க போறது? அது பிள்ளைகளுக்கு இப்பவே தெரியணும்."

அந்த மாதத்தில் வடகடல் கொந்தளிக்கும் என்பதால் தென்கடலில்தான் இறங்குவார்கள். நீந்தும்போது முடியாதவள் கையைத் தூக்க வேண்டும், வள்ளம் வந்து ஏற்றிக்கொள்ளும் என்பது மேடத்தின் விதி. ஏன் தூக்கினாய் என்று யாரும் கேட்கக் கூடாது. அன்றைக்கு முதல் தட்டுச் சோறு அவளுக்குத்தான். நானோ முதல் நாள் அது தெரியாமல், முதலில் கரை சேர்ந்த பிள்ளைக்குத் தட்டை நீட்டினேன். மேடம் அதை வாங்கி, தலை குனிந்து மூலையில் உட்கார்ந்திருந்தவள் முன்னால் வைத்தார்.

வள்ளக்காரர் சீனி மாமாவுக்குச் சிரிப்பு. "நல்ல கதையா இருக்கே! பாதியில திரும்பி வந்ததுக்கு விருந்தா? அப்ப நாளைக்கு நானும் கை தூக்குறேன்."

"தூக்குங்க மாமா. மீன் தலை உங்களுக்குத்தான். வள்ளத்தை யார் ஓட்டுறதுன்னு மட்டும் சொல்லிட்டுத் தூக்குங்க" என்றார் மேடம்.

பௌசியா பெரியபட்டினத்துப் பிள்ளை. அணியிலேயே வேகமானவள். "இந்தத் தடவை போட்டியில ஜெயிச்சா நீந்து, இல்லைன்னா படிப்போட நிறுத்திக்க" என்று சவூதியிலிருந்து அவள் வாப்பா சொல்லியிருந்தார். பயிற்சியில் ஒருநாள் அவள் தோளில் சொறி என்கிற ஜெல்லிமீன் பட்டுவிட்டது. அது பட்டால் தோல் தீப்பட்டதுபோல் எரிந்து தடிக்கும். அவள் கை தூக்கவில்லை, நீந்திக்கொண்டே போனாள். வேகம் குறையவில்லை என்றுதான் எனக்கும் சீனி மாமாவுக்கும் பட்டது. மேடம் மட்டும், "வலது கை சரியா விழல" என்று சொல்லிக்கொண்டே தண்ணீரில் குதித்துவிட்டார். வள்ளத்தில் ஏற்றியபோது அந்தப் பிள்ளைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

அந்த வருஷப் போட்டிக்கு அவளை மேடம் சேர்க்கவில்லை. எனக்கே பொறுக்காமல் சிபாரிசுக்குப் போனேன். "உங்க கம்பெனியில பிரேக் பிடிக்காத வண்டியை லோடு ஏத்தி அனுப்புவீங்களாண்ணே?" என்று கேட்டார்.

பௌசியா அழுதாள். "வாப்பா சொன்னது தெரிஞ்சும் இப்படிப் பண்றீங்களே மேடம்!"

"வாப்பாகிட்ட நான் பேசுறேன். நீ உசுரோட இருந்தாத்தானே நான் அவர்கிட்டப் பேச முடியும்?"

என் ஆபீஸிலிருந்துதான் பேசினார். "தோக்கல பாய். நான்தான் விடல. நீந்த அவளுக்குத் தெரியும். நிறுத்தத்தான் தெரியல. அதுக்கு இன்னும் ஒரு வருஷம் குடுங்க." போனை வைத்தபோது மேடத்தின் கண் கலங்கியிருந்தது. அடுத்த மார்கழியில் பௌசியா மறுபடி வந்தாள். இன்று அதே கல்லூரியில் அவள்தான் துணைப் பயிற்சியாளர்.

போன மார்கழியில் மேடம் வந்தபோது பாதி ஆளாகியிருந்தார். ஆஸ்பத்திரியில் போகக்கூடாது என்று சொல்லியும் கேட்காமல் வந்திருந்தார். இரண்டு வள்ளம் போயிற்று. ஒன்றில் பௌசியா இருந்தாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு மேடமும் நானும் சீனி மாமாவின் வள்ளத்தில் இருந்தோம். பிள்ளைகள் பாதித் தூரம் போயிருப்பார்கள். மேடம் மெல்லக் கையைத் தூக்கினார். பிள்ளைகளுக்குச் சைகை காட்டுகிறார் என்று நினைத்து நாங்கள் பேசாமல் இருந்தோம்.

அந்த வள்ளத்திலிருந்து பௌசியா கத்தினாள். "மாமா, மேடம் கை தூக்கியிருக்காங்க. கரைக்குத் திருப்புங்க. பிள்ளைகளை நான் பாத்துக்கிறேன்."

சீனி மாமா திருப்பினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் பௌசியா முதல் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் சாப்பிட்டது இரண்டு வாய்தான். அவர் கை கழுவும்வரை பசியோடிருந்த அத்தனை பிள்ளைகளும் தட்டைத் தொடவில்லை. "நல்லா கத்துக்கிட்டீங்கடி" என்றார். அதற்குப் பிறகு அவர் கடலுக்கு வரவில்லை.

என் கம்பெனியில் கை மரத்துப்போய் ஐஸ் பாரைக் காலில் போட்டுக்கொண்ட ஆட்கள் உண்டு. முடியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டவர்கள்தான் அவர்கள். இப்போது முடியவில்லை என்று ஒதுங்கி நிற்பவனுக்குத்தான் முதல் டீ. அதன்பின் எனக்கு நஷ்டம் குறைந்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். கேட்டால் அவர் சிரித்திருப்பார்.

இந்த மார்கழிக்கும் பிள்ளைகளோடு வருவதாக பௌசியா சொல்லியிருக்கிறாள். சமையலுக்கு ஆள் சொல்லிவிட்டேன். முதல் தட்டு யாருக்கு என்று இனி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் என்னிடம் விட்டுப்போனது அதுதான்.