சீனியின் பிடரியில் விபூதி

போன செவ்வாய்க்கிழமை ஒரு மிருக வைத்தியரின் மேசைக்கு முன்னால் நின்று எனக்கு வியர்த்துக் கொட்டியது. மேசையில் இருந்தது என்னவோ பூனைதான். மாட்டிக்கொண்டது நான்.

பூனையின் பெயர் சீனி. பெயருக்கேற்ற வெள்ளை. மகள் படிக்க டிரெஸ்டன் நகருக்குப் போகும்போது, “அப்பா, கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ” என்று எங்களிடம் விட்டுப்போன சொத்து. கொஞ்ச நாளாகச் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். தூக்கினால் எலும்பு கையில் தட்டுப்படும்.

டொக்டர் ஒரு பொறுமையான ஜெர்மன் பெண். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, குடல் சரியில்லை, அதனால் விற்றமின் பி12 உடம்பில் சேரவில்லை என்றார். கிழமைக்கு ஒரு ஊசி. ஆறு கிழமை. முதல் ஊசியை அவரே போட்டுக் காட்டினார். பிடரித் தோலைக் கூடாரம் மாதிரி உயர்த்தி, அதற்கடியில் மெதுவாக... மிச்சம் ஐந்தையும் வீட்டிலேயே போடலாமாம்.

“விளங்கினதா?”

“யா, யா. அல்லெஸ் கிளார்.”

எல்லாம் விளங்கியது. ஊசி ஏறியபோது நான் சுவரில் இருந்த நாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைத் தவிர. எனக்கு ஊசியைக் கண்டால் ஏலாது. எனக்கு இரத்தம் எடுப்பதென்றாலே கட்டிலில் படுக்கவைத்துத்தான் எடுப்பார்கள்.

இதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம் அல்லவா? நொய்கெல்ன் பகுதியில் வழக்கமாகப் போகும் தமிழ்க்கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே, “எங்கட பூனைக்கு நான்தான் ஊசி போடுறன்” என்று அவிழ்த்துவிட்டேன்.

“அப்ப இனி உங்களை டொக்டர் எண்டுதான் கூப்பிடோணும்” என்றார் கடைக்கார அண்ணை. அடுத்த முறை, “டொக்டர், நல்ல வெண்டிக்காய் வந்திருக்கு” என்றார். வெட்கமில்லாமல் சொல்கிறேன் — இனித்தது.

முதல் ஞாயிறு. சாமி அறையில்தான் சிகிச்சை. பூனை ஒளிக்கக் கட்டில் இல்லாத ஒரே அறை அது. மனைவி சீனியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடித் தேவாரம் முணுமுணுத்தாள். நான் தோலை உயர்த்தினேன். ஊசியை வைத்தேன். நானும் கண்ணை மூடினேன்.

விரல் ஈரமாகியது.

பார்த்தால், ஊசி கூடாரத்தின் இந்தப் பக்கத்தால் நுழைந்து அந்தப் பக்கத்தால் வெளியே வந்திருக்கிறது. மருந்து முழுக்க மயிரில். பி12 நல்ல சிவப்பு என்பது உங்களுக்குத் தெரியுமா? வெள்ளைப் பூனையின் பிடரி ரோஸ் நிறம். துடைத்தேன், போகவில்லை. மனைவியின் தேவாரம் முடியப்போகிறது. பக்கத்தில் விபூதித் தட்டு...

பூசிவிட்டேன்.

கண்ணைத் திறந்த மனைவி உருகிப்போனாள். “கோயிலுக்கு வாங்கோ எண்டா வரமாட்டியள். பூனைக்கு விபூதி பூசுறியள். உள்ளுக்குள்ள பக்திதான் உங்களுக்கு.”

ஐந்து ஞாயிறும் இதே கதை. சீனிக்கு நடந்தது சிகிச்சையே இல்லை, அபிஷேகம். மகள் போனில், “ஒழுங்காத்தானே போடுறீங்கள், அப்பா?” என்று கேட்பாள். “ஓம் மகள்” என்பேன்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். புதிய இரத்த முடிவைப் பார்த்த டொக்டரின் முகம் மாறியது. பி12 ஏறவே இல்லை. ஆறு ஊசிக்குப் பிறகும் இப்படி என்றால், கட்டியாகக்கூட இருக்கலாம். மயக்கிவிட்டுக் குடலில் ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த மெலிவுக்கு மயக்கம் ஆபத்துத்தான், ஆனால் வேறு வழியில்லை என்றார். மனைவி அழத் தொடங்கினாள். சம்மதப் படிவம் என் முன்னால் வந்தது.

நான் பேனாவை எடுத்தேன். ஆம், எடுத்தேன்.

அந்த நேரத்தில் நானாகவே உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. சீனியைத் தடவிய டொக்டர் கையைப் பார்த்து, “இது என்ன, சாம்பல் நிறத்தில்? பூஞ்சணமா?” என்று கையுறையைத் தேடினார்.

“சாமிச் சாம்பல்” என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஊசி போட்ட உடன என்ர மனுசன் பூசுவார்.”

டொக்டர் ஈரப் பஞ்சால் துடைத்தார். ரோஸ் நிறம் பளிச்சென்று தெரிந்தது. அவர் பூனையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பஞ்சு சொல்லியாயிற்று. மிச்சத்தை நான் சொன்னேன்.

“ஏன் ஒரு போன் எடுக்கவில்லை?”

முப்பது வருசமாக இந்த நாட்டில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் விளங்கினதா என்று கேட்டால், “யா” என்றே பழகிவிட்டோம். விளங்கவில்லை என்றால் இன்னொரு டெர்மின், அதாவது வேறொரு நாள் குறித்துத் தருவார்கள், இன்னும் மூன்று மாதம். அது அந்தக் காலத்துப் பயம் என்று சாட்டுச் சொல்லலாம். ஆனால் அகதி விண்ணப்பத்துக்குச் சொன்ன “யா”வைப் பூனைக்கு ஏன் சொன்னேன்? உண்மையில் பயம் ஒன்றும் இல்லை. கடையில் ஒருவர் என்னை டொக்டர் என்கிறார். அதை இழக்க மனமில்லை. அவ்வளவுதான். அதற்காக ஒரு பூனையின் வயிற்றைக் கிழிக்கக் கையெழுத்துப் போடப் பார்த்தேன்.

மனைவி என்னை விட்டு விலகிச் சீனியின் பக்கம் போய் நின்றாள். திட்டியிருக்கலாம்.

டொக்டர் புதிய ஊசி ஒன்றை எடுத்து, ஒழுங்காகப் போட்டார். முதலில் இருந்து தொடங்குவோம், ஆறு கிழமை கழித்துப் பார்ப்போம் என்றார். பிறகு கேட்டார், “விளங்கினதா?”

“யா” நாக்கு நுனிவரை வந்தது. சீனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

“நைன், விளங்கேல்லை” என்றேன். “இன்னொருக்காக் காட்டுங்கோ. இந்தமுறை பாக்கிறன்.”

சீனியின் பிடரியில் உள்ள ரோஸ் நிறம் போக இரண்டு கிழமை ஆகுமாம். என் முகத்தில் உள்ளது போக எவ்வளவு காலம் என்று டொக்டர் சொல்லவில்லை.